கப்பல் நமக்காக நிற்காது: சரக்குக் கப்பலில் பயிற்சிப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

என் தாய்மாமா 26 வருடம் கப்பலில் ஓடியவர். கடைசி 9 வருடம் போசன், அதாவது டெக்கில் வேலை செய்யும் மாலுமிகளின் தலைவர். அவருடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. கயிறு இழுக்கும் இயந்திரமான வின்ச்சில் சுற்றிக்கொண்டிருந்த கயிறு இழுத்துக்கொண்டது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கோப்பி குடிக்கும்போது ஒருநாள் அவர் சொன்னதுதான் என்னை இந்த வேலைக்குள் கொண்டுவந்தது. விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு மெஸ் ரூமில் எல்லோரையும் உட்கார வைத்து, கயிறு கட்டுவது பற்றி ஒரு பயிற்சிப் படம் போட்டார்களாம்.

"அதுல வந்த கப்பல் புதுசுடா. டெக்கு பளபளன்னு இருந்துச்சு. பகல் வெளிச்சம், எட்டு பேரு நின்னாங்க. எங்க கப்பல்ல முன்பக்கத்துல மூணே பேரு. மழை, ராத்திரி. படத்தப் பாத்தோம், எந்திரிச்சுப் போனோம், அவ்வளவுதான்."

நான் அப்போது கல்யாணமும் தைப்பூசமும் எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்மலைப் படிக்கட்டில் காவடிக் கூட்டத்துக்குள் கேமராவைத் தூக்கிப் பிடித்துப் பழகிய கை. சில வருடம் கழித்து, பெரிய துறைமுகங்களுக்குக் கொள்கலன்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறிய ஃபீடர் கப்பல்கள் ஓட்டும் ஒரு நிறுவனம் தன் மாலுமிகளுக்காக மூன்று படங்கள் கேட்டது: கயிறு கட்டுதல், மூடிய இடத்துக்குள் நுழைதல், உயிர்காப்பு உடை அணிதல். அதற்குப் பிறகு இன்னும் சில கப்பல்கள் ஏறிவிட்டேன். இங்கே எழுதுவதில் பாதி அங்கே கற்றது, மீதி மாமா சொல்லித் தந்தது.

கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள் ஒன்றை வாசலிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். அங்கே, "மாலையை இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றால் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே போடுவார். கப்பலில் "இன்னொரு தடவை" என்ற சொல்லைச் சொல்வதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். இறுகிய கயிற்றின் பக்கத்தில் ஒருவரை இரண்டாம் முறை நிற்க வைத்தால், அந்த இரண்டாம் முறை முழுக்க நம் பொறுப்பு.

எழுத்து முதலில்

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் கப்பலின் சொந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். ஐஎஸ்எம் என்ற சர்வதேசப் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு 1998 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், கப்பலை நடத்தும் நிறுவனம் எழுதி வைத்த பாதுகாப்பு நடைமுறையோடுதான் இயங்க வேண்டும். அந்தக் கப்பலின் செக்லிஸ்ட், பர்மிட் தாள், ஆபத்து மதிப்பீடு, மூரிங் (கப்பலைக் கயிற்றால் கரையோடு கட்டுவது) வரைபடம், அவசர நேரத்தில் யார் எங்கே நிற்பது என்று சொல்லும் மஸ்டர் பட்டியல், இவைதான் உங்கள் கதை. இணையத்தில் படித்ததை வைத்து எழுதாதீர்கள். படம் ஒன்று சொல்லி, செக்லிஸ்ட் வேறொன்று சொன்னால், பார்க்கிற பையன் எதை நம்புவான்? நாளைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் ஏறினாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

எழுதியதை இரண்டு பேருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபிசர். இன்னொருவர் கரையில் இருக்கும் டிபிஏ, அதாவது கப்பலில் இருப்பவர்கள் பாதுகாப்பு விஷயத்தை நேராகக் கொண்டுபோவதற்கென்று ஐஎஸ்எம் கீழ் நியமிக்கப்பட்டவர். இந்த இரண்டு கையெழுத்தும் இல்லாமல் நான் கப்பலில் ஏறும் படிப்பாலமான கேங்வேயில் கால் வைப்பதில்லை.

ஒரு படம், ஒரு வேலை, எட்டு நிமிடத்துக்குள். சாப்பாடு முடிந்து மெஸ் ரூமில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதற்குமேல் கண் சொக்கும்.

பார்க்கப் போகிறவர் யார் என்பதையும் மனத்தில் வையுங்கள். நான் எப்போதும் ஒரு பத்தொன்பது வயது ஓஎஸ் பையனை, அதாவது டெக்கில் கடைநிலை மாலுமியை, நினைத்துக்கொள்கிறேன். முதல் கப்பல், முதல் வாரம், எந்தக் கதவு எங்கே திறக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. ஆகவே என் படங்களின் முதல் ஷாட் எப்போதும் ஒன்றுதான்: கேபின் வரிசையிலிருந்து கிளம்பி, கதவைத் திறந்து, அந்த வேலை நடக்கும் இடம்வரை நடந்து போவது. கண் உயரத்தில் கேமரா, வெட்டே இல்லை. துருப்பிடித்த படி, தலையில் இடிக்கும் குழாய், எண்ணெய் வழுக்கும் மூலை எல்லாம் வரட்டும். மாமா பார்த்த படத்தில் இல்லாமல்போனது இதுதான்.

கேட்டுக்குள் போவதற்கு முன்

வடக்கு பட்டர்வொர்த் கொள்கலன் முனையமானாலும், பிறையில் மொத்தச் சரக்கு இறக்கும் இடமானாலும், துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பாஸ் இல்லாமல் நுழைய முடியாது. அந்தப் பாஸ் கப்பலின் ஏஜென்ட் வழியாகத்தான் வரும். உங்கள் அடையாள அட்டை, வண்டி எண், கொண்டுபோகும் பொருட்களின் பட்டியல், கேமரா லென்ஸ் ஒவ்வொன்றின் வரிசை எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுங்கள். வெளியே வரும்போது அதே பட்டியலைச் சரிபார்ப்பார்கள். காசு வாங்கிப் படம் எடுத்துக் கொடுக்கும் நிறுவனமாக இருந்தால் ஃபினாஸ் என்ற மலேசியத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உரிமமும் வேண்டும். ஹெல்மெட், ஒளிரும் சட்டை, இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்புக் காலணி உங்களுடையதாகவே இருக்கட்டும். கப்பலில் இரவல் கேட்டால் உங்கள் காலுக்குப் பொருந்தாத காலணி கிடைக்கும், அதைப் போட்டுக்கொண்டு கேங்வே ஏறுவது ஆபத்து.

டிரோன் பறக்கவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். முனையத்துக்குச் சற்று வடக்கே பட்டர்வொர்த் விமானப்படைத் தளம், தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸ் விமான நிலையம். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி, துறைமுக அனுமதி, கேப்டன் அனுமதி என்று அலைவதற்குள் கப்பல் கிளம்பிவிடும். பயிற்சிப் படத்துக்கு வானத்திலிருந்து எடுத்த காட்சி தேவையும் இல்லை. வேலை செய்கிறவன் கப்பலை வானத்திலிருந்து பார்ப்பதில்லை.

எடுக்கக் கூடாதவற்றைக் கேப்டனிடம் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐஎஸ்பிஎஸ் என்ற கப்பல் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலையிலிருந்து இருக்கின்றன. கேங்வே காவல் எப்படி மாறுகிறது, சிசிடிவி திரையில் என்ன தெரிகிறது, கடற்கொள்ளையர் ஏறினால் ஒளிந்துகொள்ளும் அறை எங்கே, இவை ஒன்றும் ஃபிரேமுக்குள் வரக் கூடாது. பின்னணியில் தெரிந்தாலும் வெட்டிவிட வேண்டும்.

கப்பலோடு சேர்ந்து ஓடப் போகிறீர்கள் என்றால், உதாரணமாகப் பட்டர்வொர்த்தில் ஏறி ஓர் இரவு ஓட்டத்தில் போர்ட் கிள்ளானில் இறங்குவது என்றால், உங்கள் பெயர் ஆட்கள் பட்டியலில் ஏற வேண்டும். உயிர்காப்புப் படகில் உங்களுக்கு இடம் இருக்க வேண்டும். ஏறியதும் யாராவது ஒருவர் உங்களுக்கு மஸ்டர் இடத்தையும் லைஃப் ஜாக்கெட் இருக்கும் இடத்தையும் காட்டுவார். அப்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் படகிலிருந்து ஏணி வழியாக ஏறும்போது, முதுகில் பை கூடாது. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். மேலே இருப்பவர்களிடம் சொன்னால் ஹீவிங் லைன் என்ற எறிகயிறு போட்டுப் பையைத் தனியாக இழுத்துக்கொள்வார்கள்.

கப்பலின் நேரம்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, "கப்பல் கரையில் நிற்கும்போது எடுத்துவிடலாம், அப்போதுதான் ஓய்வாக இருப்பார்கள்" என்று நினைப்பது. துறைமுகத்தில்தான் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. சரக்குக் காவல், ரேஷன் ஏற்றுவது, எண்ணெய் நிரப்புவது, சர்வேயர், ஏஜென்ட். இதற்கு நடுவில் மூன்று மணி நேரம் கரைக்குப் போய் வீட்டுக்குப் பேச சிம் கார்டு வாங்கலாம் என்று ஒருவர் காத்திருப்பார். அந்த மூன்று மணி நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடல் தொழிலாளர் ஒப்பந்தம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எந்த 7 நாளிலும் குறைந்தது 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்குமேல் பிரிக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். உங்கள் படத்துக்காக ஒருவர் வந்து நின்றால் அது வேலை நேரம். ஓய்வுத் தாளில் அப்படித்தான் எழுத வேண்டும். படப்பிடிப்புத் திட்டம் போடும்போது நான் சீஃப் ஆபிசரிடம் ஓய்வுத் தாளை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆட்களின் பெயரை எழுதுகிறேன்.

இதை நான் ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் கப்பலில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் ஏபியாக, அதாவது ஓஎஸ்ஸுக்கு மேல்நிலை மாலுமியாக, இருந்தார். இரவு 12 முதல் 4 வரை அவருடைய வாட்ச், அதாவது காவல் முறை. காலை 9 மணிக்கு வரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் வந்தார். மூன்று முறை லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொன்னேன். மூன்றாம் முறை பட்டி அவர் விரலிலிருந்து நழுவியது. மாலையில் திரையில் பார்த்தபோது அவர் கண் இரண்டும் சிவந்திருந்தது தெரிந்தது. அந்தக் காட்சி முழுவதையும் நீக்கிவிட்டு, போய் மன்னிப்புக் கேட்டேன். மதியம் 12 முதல் 4 வரையும் அவர் வாட்ச்தான் என்பதைக்கூட நான் விசாரித்திருக்கவில்லை.

நல்ல வழி ஒன்று இருக்கிறது. சோலாஸ் என்ற கடல் உயிர்ப்பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதிப்படி ஒவ்வொரு மாலுமியும் மாதம் ஒருமுறையாவது தீயணைப்புப் பயிற்சியிலும் கப்பலைக் கைவிடும் பயிற்சியிலும் கலந்துகொள்ள வேண்டும். மூடிய இடத்தில் நுழைந்து மீட்கும் பயிற்சி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எப்படியும் நடக்கப்போகிற பயிற்சி இது. அதன் தேதியை வாங்கி, அதோடு உங்கள் வேலையைக் கட்டிக்கொள்ளுங்கள். யாருடைய தூக்கமும் கூடுதலாகப் போகாது, நடிப்பும் இருக்காது. ஆனால் ஆட்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் புதியவர்கள் என்றால், துறைமுகம் விட்ட 24 மணி நேரத்துக்குள் ஒரு பயிற்சி வைப்பார்கள். அதை எடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லோருமே களைத்திருப்பார்கள், புதியவர்கள் உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டிய நேரமும் அதுதான்.

கயிறு

மூரிங் படம்தான் எனக்கு மிக முக்கியம். காரணம் வீட்டிலேயே இருக்கிறது.

கப்பலைக் கரையோடு கட்டும் நாரிழைக் கயிறு இழுபடும்போது ரப்பர் மாதிரி சக்தியைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அறுந்தால் அந்தச் சக்தி முழுவதும் ஒரு கணத்தில் திரும்பி அடிக்கும். கண் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். முன்பெல்லாம் டெக்கில் வண்ணம் பூசி, "இந்தக் கோட்டுக்குள் நிற்காதே" என்று குறித்து வைத்தார்கள். இன்றைக்குச் சொல்லப்படுவது வேறு. கயிறு எந்தத் திசையில் திரும்பும் என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது, கோட்டுக்கு வெளியே நின்றால் பத்திரம் என்ற பொய்யான தைரியம் வந்துவிடும், ஆகவே மூரிங் டெக் முழுவதையும் ஆபத்தான இடமாகவே எண்ண வேண்டும். 2024 ஜனவரி முதல் சோலாஸில் மூரிங் பற்றிய விதிகளும் இறுக்கப்பட்டிருக்கின்றன. பழைய படங்களில் அந்த வண்ணக் கோட்டைப் பெருமையாகக் காட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் எடுத்துவிடாதீர்கள்.

அப்படியென்றால் கேமராக்காரன் எங்கே நிற்பது? மூரிங் டெக்கில் நிற்கவே கூடாது. நான் செய்வது இது. கப்பல் கரையை நெருங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, போசனோடு போய் உயரமான இரண்டு இடங்களில் சிறிய கேமராக்களைக் கவ்வி வைத்து மாட்டுவேன். ஒவ்வொன்றுக்கும் கவ்வி தவிரத் தனியாக ஒரு கம்பிக் கயிறு கட்ட வேண்டும், மேலிருந்து கேமரா விழுந்தால் கீழே ஒரு தலை இருக்கும். காந்தத்தை மட்டும் நம்பி மாட்டாதீர்கள், அதிர்விலும் உப்பு ஈரத்திலும் நகர்ந்துவிடும். மாட்டும் இடம், ஆபிசருக்கும் வின்ச் ஓட்டுகிறவருக்கும் நடுவே உள்ள பார்வையை மறைக்கக் கூடாது. ஓட விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். கப்பல் முழுவதும் கட்டி முடிந்து, முன்பக்கத்து ஆட்கள் கலைந்த பிறகுதான் போய் எடுக்க வேண்டும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் தீரட்டும்.

இன்னொரு கேமராவை நீள லென்ஸோடு, கப்பலில் ஆட்கள் தங்கும் கட்டடத்தின் மேல் தளத்தில் வைப்பேன். கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குள் அல்ல. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறியிருக்கும் நேரத்தில் பிரிட்ஜில் வேடிக்கை பார்க்க ஒருவர் கூட வேண்டியதில்லை. இரவாக இருந்தால் எந்த விளக்கையும் போடாதீர்கள். பிரிட்ஜில் நிற்பவரின் இருட்டுக்குப் பழகிய கண் கெடும். கப்பலின் வழிகாட்டு விளக்குகளோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு விளக்கு எரியக் கூடாது என்று கடல் மோதல் தடுப்பு விதியே சொல்கிறது. இருட்டாக, புள்ளி புள்ளியாக வரும் காட்சி போதும். அந்தப் பையனும் அந்த இருட்டில்தான் வேலை செய்யப் போகிறான்.

சரி, நெருக்கக் காட்சிகள்? ஸ்டாப்பர் (இறுகிய கயிற்றைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு கயிறு) போடுவது, வின்ச் டிரம்மில் எத்தனை சுற்று, கை எங்கே இருக்க வேண்டும், கால் எங்கே இருக்கக் கூடாது, இதெல்லாம் பக்கத்தில் காட்டினால்தான் புரியும். அதை உண்மையான மூரிங் நேரத்தில் எடுக்க வேண்டாம். கப்பல் கட்டி நின்றபின், பாரமே இல்லாத உதிரிக் கயிறு ஒன்றை எடுத்து, வின்ச்சின் மின்சாரத்தை நிறுத்தி, பக்கத்தில் ஆபிசர் நிற்க, மெதுவாகச் செய்து காட்டச் சொல்லி எடுங்கள். எடிட்டில் தூரக் காட்சிக்கும் நெருக்கக் காட்சிக்கும் நடுவே "பாரமில்லாத கயிற்றில் செய்து காட்டப்பட்டது" என்று எழுத்து போட்டுவிடுங்கள். பார்க்கிறவனை ஏமாற்றக் கூடாது.

தவறான முறையை நடித்துக் காட்டச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. நான் மறுத்துவிடுவேன். தப்பான இடத்தில் நிற்பது நடிப்பாக இருந்தாலும், அந்த இடத்தில் உண்மையிலேயே ஓர் உடம்பு நிற்கிறது. அது தவிர, ஒரு மாதம் கழித்து யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஞாபகம் இருப்பது அந்தத் தப்பான காட்சியாகத்தான் இருக்கும். வேண்டுமென்றால் கோட்டோவியமாகப் போடுங்கள்.

மூடிய இடம்

கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்க், நங்கூரச் சங்கிலி அறை, மூடிக் கிடந்த சரக்கு அறையான ஹோல்டு. இரும்பு துருப்பிடிக்கும்போதே காற்றில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். வாசனை இருக்காது, நிறம் இருக்காது. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று மீட்டர்தான் சொல்லும்.

நீங்கள் உள்ளே போகாதீர்கள். பர்மிட் இருக்கிறது, காற்று ஊதியாயிற்று, மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்றாலும் போகாதீர்கள். உள்ளே கூடுதலாக ஓர் ஆள் என்றால், ஏதாவது நடந்தால் மீட்க வேண்டியவர்களில் கூடுதலாக ஒருவர். நான் மேன்ஹோலுக்கு வெளியே நிற்பேன். பயிற்சிக்காக இறங்குகிறவரின் ஹெல்மெட்டில் சிறிய கேமரா, அதுவும் சீஃப் ஆபிசர் சம்மதித்த பிறகு. டேங்கர் கப்பலில் அதுவும் கிடையாது. வெடிவாயு இருக்கக்கூடிய இடத்தில் சாதாரண பேட்டரிக் கருவி எதையும் கொண்டுபோகக் கூடாது, உங்கள் கைபேசியும் சேர்த்து. உள்ளே மயங்கிக் கிடப்பவராக மனிதர் யாரையும் படுக்க வைக்க வேண்டாம், பொம்மை போதும்.

மூச்சுக்கருவி விஷயத்தில் ஒரு கணக்கு ஞாபகம் வையுங்கள். தீயணைப்பு உடையோடு வரும் சிலிண்டரில் குறைந்தது 1200 லிட்டர் காற்று இருக்கும், அல்லது 30 நிமிடத்துக்குத் தாங்கும். நீங்கள் நாலு டேக் கேட்டால் ஒரு சிலிண்டர் காலி. அன்றிரவு உண்மையிலேயே தீப்பிடித்தால்? பயிற்சிக்கென்று ஒதுக்கிய சிலிண்டரை மட்டும் கேளுங்கள். கேமராவை மூடுவதற்கு முன் அது நிரப்பப்பட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தப் படத்தின் உயிர் உள்ளே இல்லை, வாசலில் இருக்கிறது. மூடிய இடத்தில் இறந்தவர்களில் பலர் முதலில் விழுந்தவர்கள் அல்லர், அவரைக் காப்பாற்ற ஓடியவர்கள். மேன்ஹோல் பக்கத்தில் காவல் நிற்பவர், உள்ளே விழுந்து கிடக்கும் கூட்டாளியைப் பார்த்தும் இறங்காமல், வாக்கி டாக்கியில் தகவல் சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கூடப் பிறந்தவன் மாதிரி பழகியவன் கிடக்கிறான், கால் தானாகவே போகும். அந்தக் காலை நிறுத்துவதுதான் பயிற்சி. நான் எடுத்த படத்தில் அந்த மனிதரின் முகத்தை வெட்டாமல் நாற்பது நொடி வைத்தேன். நிறுவனத்தில் ஒருவர், நீளமாக இருக்கிறது, குறைக்கலாமே என்றார். மாமா குறைக்கக் கூடாது என்றார். குறைக்கவில்லை.

உயிர்காப்பு உடைப் படம் மூன்றில் சுலபமானது. லைஃப் ஜாக்கெட் ஒரு நிமிடத்துக்குள், குளிர்ந்த நீரில் உடல் சூட்டைக் காக்கும் இம்மர்ஷன் சூட் பையிலிருந்து எடுத்து யார் உதவியும் இல்லாமல் 2 நிமிடத்துக்குள் அணியக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஆகவே ஒரே ஷாட்டில், மூலையில் கடிகாரம் ஓட, வெட்டாமல் எடுங்கள். பினாங்கு வெயிலில் டெக்கில் அந்த சூட்டைப் போட வைக்காதீர்கள், ஏசி அறைக்குள் எடுங்கள். படகை இறக்கும் காட்சி கேட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் உண்மையான பயிற்சிக்குக் காத்திருங்கள். படத்துக்காகப் படகில் ஆள் ஏற்ற வேண்டாம்.

கேமராவும் சத்தமும்

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று நம் கை பழகியிருக்கும். சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. பழைய குழல் விளக்குகளின் கீழே உங்கள் வழக்கமான அமைப்பில் எடுத்தால், கருப்புப் பட்டை ஒன்று படம் முழுக்க ஊர்ந்துகொண்டே போகும். எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஏறியதும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு, 60 என்றால் 30 ஃபிரேம், 1/60க்கு மாற்றிக்கொள்ளுங்கள். கப்பலில் பிளக் உருண்டைக் காலாக இருக்கலாம், நம் மூன்று கால் பிளக்குக்கு அடாப்டர் எடுத்துப் போங்கள். லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கப்பலில் தீ என்றால் ஓட இடமில்லை.

ஏசி கேபினிலிருந்து டெக்குக்கு வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படியும். பினாங்கு ஈரக்காற்றில் அது கலைய அரை மணி நேரமாவது ஆகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கேமராவைப் போட்டு மூடி வெளியே கொண்டுவந்து, சூடேறிய பிறகு திறங்கள். இஞ்சின் ரூமில் ட்ரைபாட் தரையின் அதிர்வை அப்படியே வாங்கும். முழங்காலைச் சற்று மடக்கிக் கையில் பிடித்தால் உடம்பே அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும்.

சத்தம்தான் பெரிய வேலை. இஞ்சின் ரூமில் பேசி எடுக்கவே முடியாது. பேசுவதற்காக யாரும் காதுக் கவசத்தைக் கழற்றவும் கூடாது. அங்கே கையால் காட்டச் சொல்லுங்கள், குரலைப் பிறகு கேபினில் போர்வை தொங்கவிட்டுப் பதிவு செய்யுங்கள். டெக்கில் வயர்லெஸ் மைக் இரும்புச் சுவர் ஒன்றைத் தாண்டினாலே அறுந்துவிடும். பாய்லர் சூட் பைக்குள் சிறிய ரெக்கார்டர், காலரில் மைக், தொடக்கத்தில் ஒரு கைதட்டல், இது எப்போதும் வேலை செய்யும். கப்பலின் வாக்கி டாக்கிகள் 457, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகின்றன. உங்கள் மைக் அந்த அலைவரிசைப் பக்கமே போகக் கூடாது.

அபாயச் சங்கு பற்றி ஒன்று. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதைப் பயிற்சி நேரத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், தனியாக ஒலிக்கச் சொல்லாதீர்கள். எடிட் செய்யும்போது ஹெட்ஃபோன் கட்டாயம். ஒரு கப்பலில் நான் கேபினில் உட்கார்ந்து மடிக்கணினியில் அதைச் சத்தமாக ஓட்டிவிட்டேன். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த தேர்டு இஞ்சினியர் லைஃப் ஜாக்கெட்டோடு வெளியே வந்து நின்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

ஆட்கள்

கேமராவைப் பார்த்ததும் மாலுமிகள் பயப்படுவது முகத்துக்காக அல்ல. தான் செய்யும் ஏதோ ஒரு சிறு தவறு பதிவாகி, நாளை அது கம்பெனிக்குப் போய் அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காமல் போகுமோ என்பதுதான். வெட்டாத காட்சிகளை ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனத்திடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அதை மெஸ் ரூமில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்கிறவரைக் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு ஷாட்டிலும் திரைக்குப் பக்கத்தில் போசன் உட்காரட்டும். ஹெல்மெட் பட்டி போடாத ஒருவர் பின்னால் நடந்து போனாலும் அந்த ஷாட் செல்லாது. பின்னணியில் இருப்பதையும் பையன்கள் கற்றுக்கொள்வார்கள். வெறும் கையோடு போகவும் வேண்டாம், நம் ஊர்ப் பழமும் முறுக்கும் வாங்கிப் போங்கள். அந்த ராமநாதபுரத்து அண்ணன் என்னிடம் கேட்டது குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் திருநீறு மட்டும்தான். அடுத்த முறை கப்பல் வந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொடுப்பதற்கு முன்

குரல் மெதுவான ஆங்கிலத்தில், கப்பலில் எல்லோரும் பழகிய சொற்களில் இருக்கட்டும். ஐஎம்ஓ என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற கடல்சார் தொடர்புச் சொற்றொடர்த் தொகுப்பு இருக்கிறது, அதிலிருந்தே எடுங்கள். பர்மியரும் பிலிப்பினோவும் நம்மவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுங்கள், தனிக் கோப்பாகக் கொடுத்தால் மெஸ் ரூம் டிவி அதைப் படிக்காது. கப்பலின் இணையத்தில் பெரிய கோப்பு இறங்காது. 720 அளவில் சுருக்கி, வைரஸ் சோதித்த பென்டிரைவில் ஏஜென்ட் கையில் கொடுத்து அனுப்புங்கள். பிரிட்ஜ் கணினியில் செருகக் கூடாது என்று மேலே ஒட்டியும் விடுங்கள்.

மூரிங் படத்தைக் கொடுப்பதற்கு முதல் நாள் இரவு மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னார். திரையின் ஓரத்தில், டெக்கில் வளைந்து கிடந்த கயிற்றுக்குள் ஓஎஸ் பையனின் இடது கால் இருந்தது. நானும் பார்க்கவில்லை, சீஃப் ஆபிசரும் பார்க்கவில்லை. கயிற்றில் பாரம் இல்லைதான். மாமா இரண்டு விரல் இல்லாத கையால் திரையைத் தொட்டு, "இத எடுத்துரு" என்றார்.

நான்கு நொடி. எடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தோம்.